முடிவிலியைப் பூச்சியமாக்குதல்: நேரியலற்ற வகைக்கெழுச் சமன்பாடுகளின் துல்லியத் தீர்வுகள்

ஓர் அளவு வளரும் வேகம் எப்போதும் அந்த அளவுக்கே சமமாக இருக்கிறது என்று கொள்வோம். அது பெருகிக்கொண்டே போகும். ஆனால் எவ்வளவு காலம் கடந்தாலும் முடிவிலியைத் தொடாது. இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம்: வளரும் வேகம் அந்த அளவின் வர்க்கத்துக்குச் சமம். 1 என்ற மதிப்பில் தொடங்கினால் சரியாக 1 வினாடியில் அது முடிவிலிக்குப் பாய்ந்துவிடும். 2-இல் தொடங்கினால் அரை வினாடி போதும். 10-இல் தொடங்கினால் பத்தில் ஒரு வினாடி. முதல் சமன்பாடு நேரியல் வகை, இரண்டாவது நேரியலற்றது.

நேரியலற்ற சமன்பாடுகள் ஏன் கடினம் என்று கேட்டால் பாடநூல்கள் ஒரு காரணம் சொல்லும்: இரண்டு தீர்வுகளைக் கூட்டினால் மூன்றாவது தீர்வு கிடைக்காது. உண்மைதான். ஆனால் இன்னும் ஆழமான காரணம் மேலே உள்ள சிறு எடுத்துக்காட்டில் இருக்கிறது என்பது என் கருத்து. நேரியல் சமன்பாட்டின் தீர்வு எங்கெங்கே கெட்டுப்போகக்கூடும் என்பதை அதன் கெழுக்களே காட்டிக்கொடுத்துவிடும்; தொடக்க மதிப்பு எதுவானாலும் அந்த இடங்கள் மாறா. நேரியலற்ற சமன்பாட்டிலோ தீர்வு வெடிக்கும் கணம் தொடக்க மதிப்போடு சேர்ந்து நகர்கிறது. சமன்பாட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்தக் கணம் அதில் எழுதப்பட்டிருக்காது.

துல்லியத் தீர்வுகளைத் தேடிய வரலாற்றின் பெரும்பகுதி இந்த நகரும் வெடிப்புகளை எப்படிக் கையாள்வது என்று கற்றுக்கொண்ட வரலாறுதான். அதில் ஒரே ஒரு உத்தி, வெவ்வேறு நூற்றாண்டுகளில், ஒருவரை ஒருவர் அறியாதவர்களின் கையில், திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. ஒரு சார்பின் வகைக்கெழுவை அந்தச் சார்பாலேயே வகுப்பது என்பதே அந்த உத்தி. கிடைப்பது அச்சார்பின் மடக்கையின் வகைக்கெழு. சுருக்கமாக மடக்கை வகைக்கெழு என்போம்.

வர்க்க வேகத்தில் வளரும் நம் அளவை இப்படி ஒரு துணைச் சார்பின் மடக்கை வகைக்கெழுவாக, எதிர்க்குறியுடன், எழுதிப் பாருங்கள். வர்க்க உறுப்பு தானாக அடிபட்டுப்போகும். துணைச் சார்பின் இரண்டாம் வகைக்கெழு பூச்சியம் என்பது மட்டுமே மிஞ்சும். அப்படியானால் துணைச் சார்பு ஒரு நேர்கோடு. நேர்கோடு எங்கும் வெடிப்பதில்லை. ஓரிடத்தில் பூச்சியத்தைக் கடக்கிறது, அவ்வளவுதான். வகுக்கும் எண் பூச்சியமாகும் அந்த இடத்தில்தான் மேலே நம் அளவு முடிவிலிக்குப் போகிறது. 18ஆம் நூற்றாண்டில் ரிக்காட்டியின் பெயர் பெற்ற, இத்தகைய வர்க்க உறுப்பு கொண்ட சமன்பாடுகள் எல்லாம் இதே வழியில் நேரியலாகின. வெடிப்பு எங்கே நிகழும் என்ற கேள்வி, ஒரு நல்ல சார்பு எங்கே பூச்சியமாகும் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. முன்னதற்கு விடை சொல்வது கடினம். பின்னதற்கு விடை தேட நூற்றாண்டுகளாகச் சேர்த்த கருவிகள் கணிதத்தில் உண்டு.

வெடிப்பு எல்லாமே ஒரே வகை அல்ல. வேகம் வர்க்கத்துக்குச் சமமானால் தீர்வு, மிஞ்சியுள்ள காலத்தின் தலைகீழாகப் பெருகுகிறது. இத்தகைய புள்ளியைத் துருவம் என்பர். வேகம் மும்மடிக்குச் சமமானால் தீர்வில் வர்க்கமூலம் நுழைந்துவிடும். மெய்யெண் கோட்டில் மட்டும் நின்று பார்த்தால் இரண்டும் முடிவிலிதான். பெரிய வேறுபாடு தெரியாது. காலத்தைக் கலப்பெண்ணாகக் கொண்டு அந்தப் புள்ளியை ஒரு முறை சுற்றிவந்தால் தெரியும். துருவத்தைச் சுற்றி வந்தால் தீர்வு பழைய மதிப்புக்கே திரும்புகிறது. வர்க்கமூலத்தைச் சுற்றி வந்தால் குறி மாறி வேறு மதிப்பாகிவிடுகிறது. இரண்டாம் வகைக்குக் கிளைப்புள்ளி என்று பெயர். கற்பனைக் காலத்தில் சுற்றிவருவதற்கும் நம் கையில் சுழலும் பொருளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். அந்தத் தொடர்பைக் கண்டு, அதைத் தேடல் கருவியாகவே ஆக்கியவர் சோஃபியா கோவலெவ்ஸ்காயா.

1850இல் மாஸ்கோவில் பிறந்த அவர் உயர்கணிதம் கற்க பெர்லினுக்குச் சென்றார். பெண் என்பதால் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளவில்லை. அக்காலத்தின் தலைசிறந்த கணித மேதைகளுள் ஒருவரான வயர்ஸ்ட்ராஸ் அவருக்குத் தனியாகப் பாடம் சொன்னார். 1874இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தந்த பிறகும் பல ஆண்டுகள் வேலை கிடைக்கவில்லை. 1884இல்தான் ஸ்டாக்ஹோமில் பேராசிரியர் ஆனார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல், ஒரு புள்ளியில் நிலைநிறுத்தப்பட்டு ஈர்ப்பின் கீழ் சுழலும் திண்பொருளின் இயக்கம். பம்பரத்தின் சிக்கல் என்றே சொல்லலாம். அதற்கு ஆய்லர் ஒரு தீர்வு தந்திருந்தார்: நிறைமையம் நிலைத்த புள்ளியிலேயே இருந்தால். லக்ராஞ்சு இன்னொன்று தந்திருந்தார்: பொருள் சமச்சீராகவும் நிறைமையம் சமச்சீர் அச்சில் உள்ளதாகவும் இருந்தால். அதன் பிறகு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மூன்றாவது தீர்வு எதையும் யாரும் காணவில்லை.

கோவலெவ்ஸ்காயா கேள்வியையே மாற்றினார். ஆய்லர், லக்ராஞ்சு இருவரின் தீர்வுகளும் நீள்வட்டச் சார்புகளால் ஆனவை. கலப்பெண் காலத்தில் அவற்றுக்குத் துருவங்கள் உண்டு, கிளைப்புள்ளிகள் இல்லை. இந்தப் பண்புதான் அவை தீர்க்கப்பட்டதற்குக் காரணமோ? அப்படியானால் வேறு எந்தப் பம்பரத்துக்கெல்லாம் இந்தப் பண்பு உண்டு?

அவர் செய்த கணக்கின் சாரம் ஓர் எண்ணிக்கை. பம்பரத்தின் இயக்கத்தை ஆறு சமன்பாடுகள் ஆள்கின்றன: மூன்று கோண வேகக் கூறுகளுக்கு, ஈர்ப்புத் திசையின் மூன்று கூறுகளுக்கு. எந்தத் தொடக்க நிலையையும் உள்ளடக்க, பொதுத் தீர்வில் ஆறு தன்னிச்சை மாறிலிகள் வேண்டும். துருவம் ஒன்றைச் சுற்றித் தீர்வை அடுக்குத் தொடராக விரித்தால், துருவம் இருக்கும் கணமே ஒரு மாறிலி. மீதி ஐந்தும் தொடரின் கெழுக்களில் இடம்பிடிக்க வேண்டும். பொருளின் வடிவத்தைத் தன்னிச்சையாக எடுத்தால் அதற்கு இடம் கிடைப்பதில்லை. முழுச் சமச்சீர் கொண்ட எளிய பொருளை விட்டுவிட்டால், ஆய்லர், லக்ராஞ்சு இருவரின் பம்பரங்களுக்கும் இடம் கிடைக்கிறது. அவற்றுக்கு வெளியே ஒரே ஒன்றுக்கு மட்டும் கிடைக்கிறது: இரண்டு நிலைமத் திருப்புத்திறன்கள் சமமாகவும், ஒவ்வொன்றும் மூன்றாவதைப் போல் இரு மடங்காகவும், நிறைமையம் அந்தச் சம அச்சுகளின் தளத்திலும் உள்ள பொருள்.

யாரும் இயல்பாக நினைத்துப் பார்த்திருக்கக்கூடிய பம்பரம் அல்ல இது. கண்ணுக்குத் தெரியும் சமச்சீர் எதுவும் இதைச் சுட்டிக்காட்டாது. ஆனால் இதன் இயக்கத்தில் ஆற்றல், நிலைக்குத்துத் திசையிலான கோண உந்தம் ஆகியவற்றோடு, கோண வேகங்களில் நான்காம் படி கொண்ட இன்னொரு மாறா அளவு இருப்பதை அவர் கண்டார்; அதைக்கொண்டு தீர்வை முழுமையாக எழுதினார். 1888இல் பாரிஸ் அறிவியல் கழகம் இதற்குப் போர்தென் பரிசை அளித்தது. தகுதியைக் கருதிப் பரிசுத்தொகையை 3000 பிராங்கிலிருந்து 5000 ஆக உயர்த்தியது. மூன்று ஆண்டுகளுக்குள், 41 வயதில், அவர் இறந்துபோனார். கணிதத்தில் எனக்குத் தெரிந்த மிகத் துணிச்சலான அடிகளுள் ஒன்று அவருடையது. தீர்வைத் தேடும் முன், தீர்வு கிடைக்கக்கூடிய சமன்பாடு எது என்று தேடியது. அதையும் யாரும் கடிகாரத்தில் அளக்க முடியாத ஒரு காலத்தில் தேடியது.

அவர் காட்டிய வழியைப் பாரிஸில் பால் பென்லவே ஒழுங்குபடுத்தினார். இரண்டாம் வரிசைச் சமன்பாடுகளில் நகரும் கிளைப்புள்ளி இல்லாதவை எவை என்று 1900ஐ ஒட்டி அவர் தேடினார்; அவர் மாணவர் காம்பியே பட்டியலை நிறைவுசெய்தார். ஐம்பது வகைகள். அவற்றில் நாற்பத்து நான்கு, ஏற்கெனவே தெரிந்த சார்புகளால் தீர்ந்துவிடுபவை அல்லது எஞ்சிய ஆறில் போய்ச் சேர்பவை. அந்த ஆறுக்கும் பழைய சார்புகள் போதவில்லை. அவற்றின் தீர்வுகளுக்குப் புதிய பெயர்களே வைக்க வேண்டியிருந்தது. துல்லியத் தீர்வு என்றால் சைன், கொசைன், அடுக்குக்குறி ஆகியவற்றால் எழுதுவது என்று நினைப்போருக்கு இந்த ஆறும் ஒரு திருத்தம். சைன் சார்பும் ஒரு காலத்தில் புதிதாகப் பெயர் வைக்கப்பட்டதுதான். ஒரு சார்பின் பூச்சியங்கள், துருவங்கள், தொலைவில் அதன் போக்கு எல்லாம் நம் கைக்குள் வந்துவிட்டால் அது தெரிந்த சார்பு.

இதன் பிறகு இந்தத் துறை நீண்ட காலம் உறங்கியது. அதை எழுப்பியது நீரலை. 1834இல் எடின்பரோ அருகே ஒரு கால்வாயில், படகு திடீரென நின்றபோது எழுந்த ஒற்றைத் திரையலை வடிவம் மாறாமல் செல்வதை ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் குதிரையில் தொடர்ந்து சென்று பார்த்தார். 1895இல் கொர்தெவெக், டி விரீஸ் என்ற இரு டச்சுக்காரர்கள் அத்தகைய அலைக்கான சமன்பாட்டை எழுதினார்கள். 1965இல் ஸபுஸ்கி, கிரஸ்கல் இருவரும் கணினியில் அச்சமன்பாட்டை ஓடவிட்டபோது, உயரமான அலை குட்டை அலையை எட்டிப்பிடித்து, அதனுள் புகுந்து, இரண்டும் பழைய உருவத்தோடு வெளிவருவதைக் கண்டார்கள். சாலிட்டான் என்று பெயரிட்டார்கள். நேரியலற்ற அலைகள் மோதினால் சிதைய வேண்டும். இவை ஏன் சிதையவில்லை?

விடை 1967இல் பிரின்ஸ்டனில் கார்ட்னர், கிரீன், கிரஸ்கல், மியூரா ஆகிய நால்வரிடமிருந்து வந்தது. மியூரா கண்ட உருமாற்றத்தில் அலையின் உயரம், வேறொரு அளவின் வர்க்கமும் அதன் வகைக்கெழுவும் சேர்ந்ததாக எழுதப்படுகிறது. அது ரிக்காட்டியின் வடிவமே. ஆகவே அந்த அளவுக்கும் மடக்கை வகைக்கெழுவைப் போட்டுப் பார்த்தார்கள். வெளிவந்தது குவாண்டம் இயற்பியலின் ஷ்ரோடிங்கர் சமன்பாடு, முற்றிலும் நேரியலானது. நீரலையின் வடிவம் அதில் ஆற்றல் பள்ளமாக அமைகிறது. ஒவ்வொரு சாலிட்டானும் அந்தப் பள்ளத்தின் ஓர் ஆற்றல் மட்டம். அலை ஊர்ந்து மாறினாலும் மட்டங்கள் மாறுவதில்லை. சாலிட்டான்கள் மோதலில் பிழைத்ததன் காரணம் அதுதான்.

1971இல் ஜப்பானிய அறிஞர் ஹிரோட்டா இன்னும் நேரான வழியைத் திறந்தார். ஒரு துணைச் சார்பின் மடக்கையை இருமுறை வகையிட்டு இரண்டால் பெருக்கினால் அலை கிடைக்கும் என்று கொண்டார். அந்தத் துணைச் சார்பு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. ஒற்றைச் சாலிட்டானுக்கு அது 1-உடன் ஓர் அடுக்குக்குறியைக் கூட்டியது மட்டுமே. மெய்யெண் கோட்டில் அது எங்கும் பூச்சியமாகாது. எனவே அலை வெடிப்பதில்லை. ஆனால் கோட்டுக்கு மேலும் கீழும், கலப்பெண் தளத்தில், அதற்குப் பூச்சியங்கள் உண்டு. அங்கெல்லாம் அலைக்குத் துருவங்கள் உண்டு. நாம் காணும் திமில் அந்தத் துருவங்களின் நிழல். கோட்டிலிருந்து துருவத்தின் தூரம், அலை உயரத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைகிறது: அலை நான்கு மடங்கு உயரமானால் துருவம் பாதி தூரத்துக்கு நெருங்கி வருகிறது, அலையின் அகலமும் பாதியாகிறது. ரஸ்ஸல் குதிரையில் தொடர்ந்தது, கணக்கின்படி, கால்வாயில் இல்லாத ஒரு புள்ளியின் ஓட்டத்தை.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு ஒரு வலுவான மரபு உண்டு. அதைப் பற்றித் தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் குறை. 1974இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி.எம். மாத்யூஸ், எம். லட்சுமணன் இருவரும் ஒரு நேரியலற்ற அலையியற்றியை முன்வைத்தார்கள். அதன் சமன்பாட்டில் வேகத்தின் வர்க்கம் வருகிறது, இடத்தைப் பொறுத்து மாறும் நிறை போன்ற காரணி வருகிறது. தீர்வோ மாசற்ற சைன் அலை. நேரியலற்ற தன்மை ஒரே இடத்தில் மட்டும் வெளிப்படுகிறது: வீச்சு மாறினால் அதிர்வெண் மாறும். 1977இல் காந்தச் சுழற்சிகளின் தொடர்ச் சங்கிலிக்கான சமன்பாடு முழுமையாகத் தீர்க்கத்தக்கது என்று லட்சுமணன் காட்டினார். அது ஒளி இழைகளில் சாலிட்டான்களை விளக்கும் சமன்பாட்டுக்கு நிகரானது என்பதும் அதனால் தெரியவந்தது. பின்னர் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அவரைச் சுற்றி வளர்ந்த குழுவிலிருந்து 2005இல் வந்த ஒரு சமன்பாட்டை மட்டும் இங்கே விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். வி.கே. சந்திரசேகர், எம். செந்தில்வேலன், லட்சுமணன் மூவரும் வெளியிட்டது. எண்களை எளிமைப்படுத்தினால் அது இப்படி இருக்கும்:

முடுக்கம் + 3 × இடப்பெயர்ச்சி × வேகம் + இடப்பெயர்ச்சி³ + இடப்பெயர்ச்சி = 0

நடுவில் உள்ள இரண்டு உறுப்புகளையும் நீக்கினால் எளிய சீரிசை அலைவு மிஞ்சும். வேகத்தைக் கொண்ட உறுப்பு பார்வைக்குத் தணிப்பு போல இருக்கிறது. பொருள் வலப்புறம் இருக்கும்போது அது இயக்கத்தைத் தணிக்கிறது. இடப்புறம் போனதும் குறி மாறி இயக்கத்தைத் தூண்டுகிறது. இப்படிப்பட்ட அலையியற்றியின் அலைவு காலம் வீச்சைப் பொறுத்து மாறும் என்றே எதிர்பார்ப்போம். தனி ஊசலிலேயே அப்படித்தான்: 90 பாகை விலக்கிவிட்டால், சிறு அலைவை விட ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுதல் காலம் எடுத்துக்கொள்ளும்.

இடப்பெயர்ச்சியை ஒரு துணைச் சார்பின் மடக்கை வகைக்கெழுவாக எழுதுவோம். வேகம் என்பது துணைச் சார்பின் இரண்டாம் வகைக்கெழுவை அச்சார்பால் வகுத்து, இடப்பெயர்ச்சியின் வர்க்கத்தைக் கழித்தது. முடுக்கத்தை எழுதினால் மூன்று உறுப்புகள் வரும். இவற்றைச் சமன்பாட்டில் இட்டால் நேரியலற்ற உறுப்புகள் ஒன்றையொன்று முழுமையாக அடித்துவிடுகின்றன. மிஞ்சுவது: துணைச் சார்பின் மூன்றாம் வகைக்கெழுவும் முதல் வகைக்கெழுவும் சேர்ந்தால் பூச்சியம். பள்ளிக் கணிதத்துக்குச் சற்று மேலான ஒரு சமன்பாடு. அதன் தீர்வு, ஒரு மாறிலியும் ஒரு கொசைனும். துணைச் சார்பு, 1-இலிருந்து ‘அ’ மடங்கு கொசைனைக் கழித்தது என்று கொண்டால், இடப்பெயர்ச்சி ‘அ’ மடங்கு சைனை அந்தத் துணைச் சார்பால் வகுத்தது.

‘அ’ 1-ஐ விடச் சிறியதாக இருக்கும்வரை வகுக்கும் எண் பூச்சியமாகாது. இயக்கம் அலைவாகவே இருக்கும். ‘அ’ 0.6 என்றால் வீச்சு 0.75. 0.8 என்றால் 1.33. 0.96 என்றால் 3.4க்கு மேல். ‘அ’ 1-ஐ நெருங்க நெருங்க வீச்சு எல்லையின்றி வளர்கிறது. அலைவு காலமோ எல்லாவற்றுக்கும் ஒன்றே. கொசைனின் சுற்றுக் காலம்தான் அது, நேரியலற்ற உறுப்புகள் இல்லாதபோது இருந்த அதே காலம். அலைவின் வடிவம் சைனிலிருந்து மிகவும் விலகிவிடுகிறது, ஆனால் கால அளவு இம்மியும் பிசகுவதில்லை. 1974இன் அலையியற்றி வடிவத்தைக் காத்துக் காலத்தை இழந்தது. இது காலத்தைக் காத்து வடிவத்தை இழக்கிறது. சம அலைவு காலத்தைத் தேடிய ஹைகன்ஸ் 17ஆம் நூற்றாண்டில் ஊசலை வட்டப்பாதையிலிருந்து விலக்கிச் சிக்ளாய்டு என்ற வளைவில் ஆட விட்டார். அங்கும் வளைவின் நீளத்தை அளவுகோலாகக் கொண்டால் இயக்கம் நேரியலாகிவிடுகிறது.

கோவலெவ்ஸ்காயாவின் கண்ணால் இதே சமன்பாட்டைப் பார்ப்போம். துணைச் சார்பு பூச்சியமாகும் கணங்கள் கற்பனைக் காலத்தில் இருக்கின்றன. அங்கெல்லாம் தீர்வுக்கு 1 என்ற கெழுவோடு துருவம். வீச்சு கூடக் கூட, மெய்க் காலக் கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள துருவங்கள் அதை நோக்கி வருகின்றன. ‘அ’ சரியாக 1 ஆகும்போது இரண்டும் கோட்டின் மீதே சந்தித்து இணைகின்றன. துருவத்தின் கெழு 2 ஆகிறது. அந்தக் கணத்தில் அலைவு உடைந்து வெடிப்பாகிறது. சமன்பாட்டில் நேரடியாகத் துருவத்தைப் பொருத்திப் பார்த்தால், கெழு 1 அல்லது 2 ஆக மட்டுமே இருக்க முடியும் என்று ஒரு இருபடிச் சமன்பாடு சொல்லும். தீர்வை அறியும் முன்பே கிடைக்கக்கூடிய தகவல் அது.

இப்போது சமன்பாட்டில் வேகம் வரும் உறுப்பில் உள்ள அந்த 3-ஐ 4 ஆக்கினால் இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் விகிதமுறா எண்களாகின்றன. துருவத்தைச் சுற்றிய தொடரில் விகிதமுறாப் படிகள் நுழைகின்றன, தீர்வு பல்மதிப்பு உடையதாகிறது, மடக்கை வகைக்கெழு உத்தி கைவிட்டுவிடுகிறது. சம அலைவு காலமும் போய்விடுகிறது, 2.9 என்று மாற்றினாலும் போய்விடும். கணினியில் 3-க்கும் 2.9-க்கும் வரையும் வளைகோடுகள் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். எத்தனை தொடக்க மதிப்புகளை ஓட்டிப் பார்த்தாலும், 3-இல் அலைவு காலம் எல்லா வீச்சுக்கும் சமம் என்ற கூற்றைக் கணினி நமக்குத் தர முடியாது. தான் முயன்ற மதிப்புகளில் வேறுபாடு புலப்படவில்லை என்று மட்டுமே சொல்லும். கணினியைக் குறைத்துச் சொல்லவில்லை. சாலிட்டானை நமக்குக் காட்டியதே அதுதான். காட்டியதற்குக் காரணம் சொன்னது துல்லியத் தீர்வு.

துருவங்களை வைத்துத் தீர்க்கத்தக்க சமன்பாட்டை அடையாளம் காணும் இந்த வழி எவ்வளவு தூரம் செல்லும் என்பது இன்னும் முடிந்த விவாதம் அல்ல. அப்லோவிட்ஸ், ரமணி, சீகர் மூவரும் 1980ஐ ஒட்டி ஓர் ஊகத்தை முன்வைத்தார்கள்: சாலிட்டான் வகைச் சமன்பாடு ஒன்றிலிருந்து பெறப்படும் எந்தச் சாதாரண வகைக்கெழுச் சமன்பாட்டுக்கும், தேவையானால் மாறிகளை மாற்றியமைத்த பிறகு, நகரும் கிளைப்புள்ளிகள் இரா. பல சமன்பாடுகளில் அது பொய்க்காமல் வழிகாட்டியிருக்கிறது. மறுபுறம், சோதனையில் தோற்ற சமன்பாடு தீர்க்கவே முடியாதது என்று ஆகிவிடாது. மேலே 4 என்று மாற்றியபோது கிடைத்த சமன்பாடே சான்று: அதன் குடும்பத்தில் உள்ள சமன்பாடுகளுக்கும் மாறா அளவுகள் உண்டு என்று அதே திருச்சிக் குழு பின்னர் காட்டியது. பிரெல், சிங்கர் இருவரும் 1983இல் முதல் வரிசைச் சமன்பாடுகளுக்காக வகுத்த முறையை இரண்டாம் வரிசைக்கு விரித்து, துருவங்களைக் கேட்காமலேயே தொகையீட்டுக் காரணியை நேரடியாகத் தேடுவதே அக்குழு கையாண்ட வழி. அந்த வழியில் கிடைக்கும் மாறா அளவுகளுக்கும் கலப்பெண் காலத்தில் தீர்வு கிளைக்கும் விதத்துக்கும் இடையே உள்ள உறவு ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் தனித்தனியாகத்தான் இன்று கணக்கிடப்படுகிறது.